சக்சஸ்னு வந்துச்சு, ஆனா ஒண்ணும் நடக்கல!

நேரா விஷயத்துக்கு வர்றேன். டெர்மினலில் ஒரு கமாண்ட் கொடுக்கிறீங்க. 'சக்சஸ்' என்று பதில் வருது. எக்ஸிட் கோடும் பூஜ்யம். ஆனா நீங்க கேட்ட வேலை நடக்கவே இல்லை. இப்போ தப்பு எங்கே இருக்கு? நீங்க தட்டின கமாண்டிலா, அந்த டூலிலா, இல்லை வேற எங்கேயோவா?

இந்தக் கட்டுரை அந்த 'வேற எங்கேயோ'வைத் தேடிப் போறதுதான். உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது க்ளஸ்டர் எஃப்.எஸ். என்ற ஸ்டோரேஜ் சர்வர் மென்பொருளும், அதை அமைக்கிற 'க்ளஸ்டர்' என்ற கமாண்ட் லைன் டூலும். கமாண்டுகளையும் பிழைச் செய்திகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். வாய்விட்டுப் படிச்சா என்ன டைப் பண்ணணும்னு தெரிஞ்சிடும்.

ஏன் க்ளஸ்டர்? ஒரு காரணம், அது நம்ம ஊர்ப்பக்கத்து ஆள் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட். ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக 'தண்டர்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டிய நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். 2004 ஜூன் மாத டாப்500 பட்டியலில் அந்த மெஷினுக்கு உலகத்திலேயே இரண்டாம் இடம். அடுத்து 2005-ல் தொடங்கின கம்பெனியில் உருவானதுதான் க்ளஸ்டர். 'க்னூ'வையும் 'க்ளஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒட்ட வெச்ச பெயர். இன்ஜினியரிங் வேலை பெரும்பாலும் பெங்களூரில் நடந்தது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் அதைச் சுமார் 136 மில்லியன் டாலருக்கு வாங்கிச்சு. ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்புக்கான ஆதரவு 2024 கடைசியோட முடிஞ்சிருச்சு, ஆனா சோர்ஸ் கோடு திறந்தே கிடக்கு. கோடு திறந்திருக்கிறதுதான் இரண்டாவது காரணம். ஒரு பிழைச் செய்தி வந்தா, அந்த வாக்கியத்தை யார், எந்த ஃபைலில், எந்த வரியில் எழுதினாங்கன்னு போய்ப் பார்த்துக்கலாம்.

அது செய்யிற வேலை எளிமையானது. பல சர்வர்களில் இருக்கிற டைரக்டரிகளை ஒண்ணா சேர்த்து ஒரே பெரிய வால்யூமாகக் காட்டும். ஒவ்வொரு டைரக்டரிக்கும் 'ப்ரிக்', அதாவது செங்கல், என்று பெயர். ரெப்ளிகா 3 என்று சொன்னா ஒவ்வொரு ஃபைலும் மூணு செங்கல்லில் மூணு பிரதியாக இருக்கும்.

தூதன் மேல் கோபப்படாதீங்க

ஆரம்பத்தில் க்ளஸ்டரை அமைக்கணும்னா வால்ஃபைல் என்ற டெக்ஸ்ட் ஃபைலை நிர்வாகி கையால எழுதணும். 2010-ல் வந்த 3.1 பதிப்பில்தான் 'க்ளஸ்டர்' என்ற டூலும், பின்னணியில் ஓடுற 'க்ளஸ்டர்டி' என்ற டீமனும் வந்தது. அதுக்கப்புறம் வால்ஃபைலை டீமனே எழுதிக்கும், நாம கமாண்ட் கொடுத்தா போதும். வசதிதான். ஆனா அதோட ஒரு சிக்கலும் வந்தது. முன்னாடி தப்பு உங்க கண்ணு முன்னாடி ஒரு ஃபைலில் இருந்துச்சு. இப்போ அது நாலு இடத்தில் எங்கே வேணும்னாலும் இருக்கலாம்.

அந்த நாலு இடம் என்னென்னன்னு மனசுல வரைஞ்சுக்கோங்க. முதலில் நீங்க தட்டுற சி.எல்.ஐ. அது அதே மெஷினில் இருக்கிற க்ளஸ்டர்டியிடம் பேசும். அந்த க்ளஸ்டர்டி மத்த மெஷின்களில் இருக்கிற க்ளஸ்டர்டிகளிடம் 24007-ஆம் போர்ட்டில் பேசும். கடைசியாக ஒவ்வொரு மெஷினிலும் அந்த டிஸ்க், அதில் இருக்கிற செங்கல் டைரக்டரி. பதில் இதே வழியில் திரும்பி வந்து உங்க திரையில் ஒரே ஒரு வரியாக விழும்.

சி.எல்.ஐ. எவ்வளவு கொஞ்சமா வேலை செய்யுதுன்னு பார்க்க ஆசையா இருந்தா 'எஸ்ட்ரேஸ்' போட்டு ஓட்டுங்க. ஒரு சாக்கெட்டைத் திறக்கும், கோரிக்கையை எழுதும், காத்திருக்கும், வந்ததைப் பிரிச்சு அச்சடிக்கும். அவ்வளவுதான். ஆக திரையில் வர்ற பிழைச் செய்தி பெரும்பாலும் அந்த டூல் சொன்னதே கிடையாது. வேற யாரோ சொன்னதை அது வாசிச்சுக் காட்டுது. டிபக் பண்ணும்போது நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இந்த வாக்கியத்தை உண்மையில் சொன்னது யார்?

நம்ம காஞ்சிபுரத்தில் இதை ஜக்கார்டு அட்டையை வெச்சே விளக்கிடலாம். புடவையில் ஒரு குறை தெரியுது. அனுபவமுள்ள நெசவாளர் உடனே தறியைப் பிரிச்சுப் போட மாட்டார். குறை எப்படி விழுந்திருக்குன்னு பார்ப்பார். நீளவாக்கில் ஒரே கோடாகத் தொடர்ந்து வந்தா பாவு இழையைப் பார்ப்பார். குறுக்கே ஒரே ஒரு தடவை மட்டும் வந்திருந்தா ஊடையில் ஏதோ நடந்திருக்கு. ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில், அதே மாதிரி வந்தா அட்டையில் துளை தப்பா விழுந்திருக்கு, தறி அட்டை சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. நம்ம கதையில் அட்டை எங்கே இருக்குன்னு பார்ப்போம்.

மூணு க்ளோன், மூணு பிழை

எங்க காலேஜில் மூணாம் வருஷப் பசங்க டீம் ஒண்ணு. பிள்ளையார்பாளையம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் இருக்கிற பழைய டிசைன் கிராஃப் தாள்களை ஸ்கேன் பண்ணிச் சேமிக்கிறதுதான் அவங்க ப்ராஜெக்ட். கட்டம் கட்டமா கையால வண்ணம் தீட்டின தாள்கள். மடிப்பில் கிழிஞ்சு, ஓரம் அரிச்சுப் போனவையும் நிறைய. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கெஞ்சி, ஒவ்வொண்ணா வாங்கி ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்காங்க. அந்த ஸ்கேன்களோட இன்னொரு பிரதி ஒரு பென்டிரைவில் இருந்தது, அதுவும் பாதிதான்.

லேபில் ஒரு உபுண்டு விர்ச்சுவல் மெஷினில் க்ளஸ்டர் போட்டு, ஒரே செங்கல்லில் ஒரு வால்யூம் செஞ்சு, ஸ்கேன்களை அதில் ஏத்தி, எல்லாம் ஓடுதுன்னு பார்த்துட்டு, அந்த வால்யூமை டெலிட் பண்ணிட்டு, மெஷினை இரண்டு தடவை க்ளோன் எடுத்தாங்க. நோடு1, நோடு2, நோடு3. அடுத்து மூணையும் இணைச்சு ரெப்ளிகா 3 வால்யூம் செய்யணும். அங்கேதான் நின்னுச்சு. "அக்கா, சக்சஸ்னு வருது, ஆனா லிஸ்ட்ல வர மாட்டேங்குது" என்று மெசேஜ்.

நோடு2-ல் உட்கார்ந்து 'க்ளஸ்டர் பீர் ப்ரோப் நோடு1' என்று கொடுத்திருக்காங்க. வந்த பதில்: 'பீர் ப்ரோப்: சக்சஸ். ப்ரோப் ஆன் லோக்கல்ஹோஸ்ட் நாட் நீடட்.' முதல் பாதியை மட்டும் படிச்சா வேலை முடிஞ்சது. இரண்டாம் பாதியைப் படிச்சா, 'உன்னை நீயே எதுக்குப்பா கூப்பிடுற, தேவையில்லை' என்று அர்த்தம். நோடு2-ஐப் பொறுத்தவரை நோடு1 என்ற பெயர் தன்னையே குறிக்குது!

காரணம் ஹோஸ்ட்ஸ் ஃபைல். உபுண்டுவும் டெபியனும் மெஷினோட சொந்தப் பெயரை 127.0.1.1 என்ற முகவரியோட அந்த ஃபைலில் எழுதி வைக்கும். க்ளோன் எடுத்தப்புறம் மெஷின் பெயரை மாத்தினாங்க, ஆனா ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 'நோடு1' என்ற பழைய வரி அப்படியே நின்னுச்சு. 127-ல் ஆரம்பிக்கிற முகவரி எதுவானாலும் அது இந்த மெஷினே.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கு. பெயர் எந்த முகவரிக்குப் போகுதுன்னு பார்க்க நாம 'டிக்' அல்லது 'என்எஸ்லுக்கப்' கமாண்டைத்தான் ஓட்டுவோம். அவை டி.என்.எஸ். சர்வரை மட்டும் கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் அதில் சரியான பதில் வந்தாலும் க்ளஸ்டர் பார்க்கிற பதில் வேறாக இருக்கலாம். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் நோடு1' என்று கொடுங்க. சாதாரண ப்ரோகிராம்கள் எந்த வழியில் பெயரைத் தேடுதோ அதே வழியில் அதுவும் தேடும். கொடுத்ததும் 127.0.1.1 என்று பல்லிளிச்சுச்சு.

அந்த வரியைத் திருத்தினதும் அடுத்த பிழை. நோடு1-ன் யூ.யூ.ஐ.டி. என்னோட யூ.யூ.ஐ.டி.யும் ஒண்ணா இருக்கு என்று செய்தி. இது முன்னேற்றம்தான், சந்தோஷப்படுங்க. முன்னாடி பேச்சே மெஷினை விட்டு வெளியே போகல. இப்போ இன்னொரு க்ளஸ்டர்டியோட பேசி, அதோட அடையாள எண்ணையும் வாங்கிட்டு வந்திருக்கு. பிழை மாறினாலே நாம ஒரு படி உள்ளே போயிட்டோம்னு அர்த்தம்.

இங்கேதான் நம்ம 'அட்டை' வருது. 'வார்' டைரக்டரிக்குள் 'லிப்', அதுக்குள் 'க்ளஸ்டர்டி' என்று ஒரு டைரக்டரி இருக்கு. க்ளஸ்டர்டிக்குத் தெரிஞ்ச எல்லாமே அங்கே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாகக் கிடக்கும். 'க்ளஸ்டர்டி டாட் இன்ஃபோ' என்ற ஃபைலில் இந்த மெஷினோட யூ.யூ.ஐ.டி. 'பீர்ஸ்' டைரக்டரியில் தெரிஞ்ச ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு ஃபைல். 'வால்ஸ்' டைரக்டரியில் ஒவ்வொரு வால்யூமோட அமைப்பு. 'கேட்' போட்டே படிக்கலாம். க்ளோன் எடுத்தா இந்த ஃபைலும் சேர்ந்துதானே நகலாகும்? மூணு மெஷினுக்கும் ஒரே அடையாள அட்டை.

தீர்வு சுலபம். நோடு2, நோடு3 இரண்டிலும் க்ளஸ்டர்டியை நிறுத்தி, க்ளஸ்டர்டி டாட் இன்ஃபோவை நீக்கிட்டு, மறுபடி ஓட விடணும். புது எண் உருவாகும். ஆனா இதைப் புதுசா க்ளோன் எடுத்த, இன்னும் யாரோடவும் சேராத மெஷினில் மட்டும் செய்யுங்க. ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் சேர்ந்த மெஷினில் செஞ்சா, மத்தவங்க எல்லாரும் பழைய எண்ணை வெச்சு அதைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

இப்போ 'பீர் ஸ்டேட்டஸ்' கொடுத்தா இரண்டு கூட்டாளிதான் காட்டும். மூணு இருக்கணுமேன்னு பதறாதீங்க, அந்த கமாண்ட் தன்னை எண்ணிக்காது. தன்னையும் சேர்த்துப் பார்க்க 'பூல் லிஸ்ட்'. இன்னொண்ணு, இந்தக் கமாண்டை ஒரு மெஷினில் மட்டும் ஓட்டி நம்பிடாதீங்க. நோடு3 கனெக்டட் என்று நோடு1 சொல்லும், டிஸ்கனெக்டட் என்று நோடு2 சொல்லும், இரண்டும் உண்மையாக இருக்கும், நடுவில் ஒரு ஃபயர்வால் விதி உட்கார்ந்திருக்கும்.

செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை

மூணாவது பிழைதான் ஆபத்தானது. வால்யூம் க்ரியேட் கொடுத்ததும், இந்த ப்ரிக் 'ஆல்ரெடி பார்ட் ஆஃப் எ வால்யூம்' என்று மறுத்துச்சு. பசங்களுக்குக் குழப்பம். வால்யூம் லிஸ்ட் கொடுத்தா ஒண்ணுமே இல்லை. வால்ஸ் டைரக்டரியும் காலி. பழைய வால்யூமை அவங்களே டெலிட் பண்ணியாச்சு. அப்புறம் எந்த வால்யூமில் இது பாகம்?

வால்யூமை டெலிட் பண்ணும்போது க்ளஸ்டர் தன்னோட அமைப்புத் தகவலைத்தான் நீக்கும், செங்கல்லில் இருக்கிற ஃபைல்களைத் தொடாது. அது வேணும்னே அப்படி வெச்சது, டேட்டா தவறிப் போகக்கூடாதுன்னு. அதே காரணத்தால் செங்கல் டைரக்டரி மேல் அது குத்தின முத்திரையும் அப்படியே இருக்கும். அந்த முத்திரை ஃபைல் கிடையாது, எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட். 'ட்ரஸ்டட் டாட் க்ளஸ்டர்எஃப்எஸ் டாட் வால்யூம்-ஐடி' என்று அதுக்குப் பெயர். 'எல்எஸ்' போட்டா தெரியாது.

இந்த ஆட்ரிப்யூட்களைப் பார்க்கிறதுக்குன்னே 'கெட்எஃப்ஆட்டர்' என்ற கமாண்ட் இருக்கு. அதை வெறுமனே ஓட்டினாலும் ஒண்ணும் காட்டாது! ஏன்னா அது இயல்பாக 'யூசர்' என்று ஆரம்பிக்கிறதை மட்டும்தான் பட்டியலிடும். 'ட்ரஸ்டட்' வகையைக் காட்ட 'மைனஸ் எம்' போட்டு ஒரு புள்ளி வைக்கணும், ரூட்டாகவும் ஓட்டணும். ரூட் அல்லாதவங்களுக்கு அந்த வகை இருக்கிறதே தெரியாது. சரியான டூலை எடுத்து, காலியான பதிலைப் பார்த்து, 'அப்போ முத்திரை இல்லை' என்று முடிவு கட்டுறது எவ்வளவு சுலபம் பாருங்க. எனக்கு இந்த விஷயத்தில் அந்த டூலோட இயல்பு நடத்தை மேல் கொஞ்சம் கடுப்புதான். 'இங்கே இன்னும் நாலு இருக்கு, உனக்குக் காட்டல' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இந்தப் பிழைச் செய்தியைத் தேடினா இணையத்தில் ஒரு பிரபலமான வைத்தியம் கிடைக்கும்: முத்திரையை நீக்கு, செங்கல்லுக்குள் ஒளிஞ்சிருக்கிற 'டாட் க்ளஸ்டர்எஃப்எஸ்' டைரக்டரியை அழி, அதுக்கும் கேட்கலைன்னா செங்கல் டைரக்டரியையே அழிச்சுட்டுப் புதுசா செய். வெறும் சோதனை மெஷினில் இது சரியான வைத்தியம்தான். ஆனா செங்கல் சும்மா மறுக்கல. 'என் மேல் ஏற்கெனவே யாரோட பொருளோ இருக்கு' என்கிறதைத்தான் அது சொல்லுது. அது உண்மையும்கூட. ஸ்கேன் பண்ணின டிசைன் எல்லாம் அங்கேதான் இருந்துச்சு. பசங்க மூணு நோடிலும் அந்த வைத்தியத்தை ஓட்ட ஒரு ஃபார் லூப்கூட எழுதி வெச்சிருந்தாங்க. என்டர் தட்டுறதுக்கு முன்னாடி மெசேஜ் பண்ணினது நல்லதாப் போச்சு.

இன்னொரு குறுக்கு வழி 'ஃபோர்ஸ்'. செங்கல்லை ரூட் பார்ட்டிஷனில் வெச்சா க்ளஸ்டர் மறுக்கும், கூடவே 'வேணும்னா கடைசியில் ஃபோர்ஸ் போட்டுக்கோ' என்று அதுவே சொல்லும். டூலே சொல்லுதேன்னு எல்லாரும் போட்டுடுறோம். லேபில் தனி டிஸ்க் இருக்காது, அதனால் இது ஒரு பழக்கமாகவே ஆகிடுது. ஆனா அந்த ஒரு சொல் ரூட் பார்ட்டிஷன் பரிசோதனையோட நிக்காது. வேற எதையெல்லாம் தாண்டிப் போகுதுன்னு அந்தச் செய்தி சொல்லவும் சொல்லாது. சோர்ஸ் கோடைத் திறந்து, அந்த ஃபோர்ஸ் என்ற மாறி எங்கெங்கே போகுதுன்னு ஒரு அரைமணி நேரம் தேடிப் பாருங்க, அப்புறம் கை தானா நடுங்கும். விர்ச்சுவல் மெஷினுக்கு இன்னொரு டிஸ்க் சேர்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். சேர்த்துடுங்க.

நாங்க செஞ்சது இதுதான். பழைய செங்கல் டைரக்டரியைத் தொடவே இல்லை. பக்கத்தில் காலியான புது டைரக்டரி, மூணு நோடிலும். அதில் ரெப்ளிகா 3 வால்யூம். அது ஃபோர்ஸ் இல்லாமலே சம்மதிச்சுச்சு. அதை மவுண்ட் பண்ணி, பழைய டைரக்டரியில் இருந்து 'ஆர்சிங்க்' வழியாக ஃபைல்களை அந்த மவுண்டுக்குள் நகலெடுத்தோம், டாட் க்ளஸ்டர்எஃப்எஸ் டைரக்டரியை விலக்கிட்டு. நேரடியாகப் புது செங்கல்லுக்குள் காப்பி பண்ணக்கூடாது. அப்படிச் செஞ்சா க்ளஸ்டருக்குத் தெரியாம ஃபைல் உள்ளே நுழையும், மத்த இரண்டு பிரதி உருவாகாது, அப்புறம் அது வேற ஒரு நாள் வேற ஒரு பிழையாக முளைக்கும். நகலெடுத்தப்புறம் இரண்டு பக்கமும் செக்சம் எடுத்து ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தினப்புறமும் பழைய டைரக்டரியை அழிக்க நான் விடல. செமஸ்டர் முடியட்டும்.

லாகில் மணி என்ன?

இதுவரைக்கும் லாகைப் பற்றிப் பேசவே இல்லையே என்று கேட்கலாம். இந்த மூணு பிழையும் திரையிலேயே ஓரளவு தெளிவா பேசின வகை. 'லாக் ஃபைலைப் பார்' என்று மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிக்கிற பிழைகளும் உண்டு. அப்போ 'வார்' டைரக்டரிக்குள் 'லாக்', அதுக்குள் 'க்ளஸ்டர்எஃப்எஸ்' டைரக்டரிக்குப் போங்க. மூணு ஃபைல் முக்கியம். 'கமாண்ட் ஹிஸ்டரி' லாகில் எப்போ என்ன கமாண்ட் கொடுத்தாங்க, அது தேறிச்சா இல்லையா என்று இருக்கும். குழுவா வேலை செய்யும்போது 'யாரும் எதையும் தொடலையே' என்கிற வாக்குவாதத்தை இது அஞ்சு நொடியில் முடிச்சு வைக்கும். 'சி.எல்.ஐ.' லாகில் தூதனோட கதை. 'க்ளஸ்டர்டி' லாகில்தான் உண்மைக் கதை.

ஒவ்வொரு வரியிலும் நேரம், ஒரு எழுத்து, செய்தி எண், சோர்ஸ் ஃபைலின் பெயர், வரி எண், ஃபங்ஷன் பெயர் எல்லாம் வரிசையா இருக்கும். அந்த ஒற்றை எழுத்து 'இ' என்றால் பிழை, 'டபிள்யூ' எச்சரிக்கை, 'ஐ' வெறும் தகவல். முதல் 'இ'யைத் தேடுங்க, கடைசி 'இ'யை அல்ல. கடைசியில் வர்றதெல்லாம் முதலாவது விழுந்ததில் சரிஞ்ச மத்த சீட்டுகள்.

நம்ம ஊரில் இருக்கிறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்த லாகில் நேரம் இயல்பாக யூ.டி.சி.யில்தான் இருக்கும். நம்ம நேரத்துக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். மதியம் 3:30-க்கு வந்த பிழையைத் தேடினா லாகில் காலை 10:00-ல் இருக்கும். இது தெரியாம, 'அந்த நேரத்தில் லாகே பதிவாகல' என்று சொல்லி மெஷினை ரீஸ்டார்ட் பண்றவங்களை நான் பார்த்திருக்கேன்.

லாகும் போதலைன்னா, சோதனை மெஷினில் க்ளஸ்டர்டி சர்வீஸை நிறுத்திட்டு, 'க்ளஸ்டர்டி மைனஸ் மைனஸ் டிபக்' என்று கையால ஓட்டுங்க. பின்னணிக்குப் போகாம உங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் கொட்டும். பக்கத்து டெர்மினலில் கமாண்டைக் கொடுத்துட்டு, இந்தப் பக்கம் அருவி மாதிரி வர்றதைப் படிக்கலாம். ஓடிக்கிட்டிருக்கிற டீமன் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் பார்க்கணும்னா 'க்ளஸ்டர் கெட்-ஸ்டேட்' போதும், மொத்தத்தையும் ஒரு ஃபைலில் இறக்கி வெச்சிடும்.

'அனதர் ட்ரான்சாக்ஷன் இஸ் இன் ப்ராக்ரஸ்' என்று ஒண்ணு வரும், அதைப் பற்றியும் சொல்லிடுறேன். வால்யூமை மாத்துற கமாண்ட் வந்தா, எல்லா நோடும் அந்த வால்யூமுக்கு ஒரு பூட்டு போட்டுக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாத்தக்கூடாதுன்னு. சி.எல்.ஐ. சாதாரணமாக 120 நொடிதான் பொறுமையா இருக்கும். அதுக்குள் பதில் வரலைன்னா 'டைம் அவுட்' என்று சொல்லிட்டுக் கிளம்பிடும். ஆனா உள்ளே க்ளஸ்டர்டி இன்னும் வேலையை முடிக்கல, பூட்டையும் விடல. நீங்க தோத்துப் போச்சுன்னு நினைச்சு அதே கமாண்டை மறுபடி கொடுப்பீங்க, பூட்டு இருக்குன்னு பதில் வரும். உங்களை நீங்களே மறிச்சுக்கிட்டு நிற்கிறீங்க. மூணு நோடிலும் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'வால்யூம் ஸ்டேட்டஸ்' ஓட்டுற ஸ்க்ரிப்ட் போட்டாலும் இதே கதைதான், ஒண்ணையொண்ணு மோதிக்கும். பூட்டு எந்த யூ.யூ.ஐ.டி. கையில் இருக்குன்னு க்ளஸ்டர்டி லாகில் தேடி, அந்த நோடில் மட்டும் க்ளஸ்டர்டியை ரீஸ்டார்ட் பண்ணினா போதும். பூட்டு நினைவகத்தில்தான் இருக்கு, ஃபைலில் இல்லை. செங்கல்களைக் கவனிக்கிறது வேற ப்ராசஸ் என்பதால் டேட்டா பரிமாற்றம் நிக்காது.

ஸ்க்ரிப்ட் என்றதும் ஞாபகம் வருது. க்ளஸ்டர் கமாண்டை ஸ்க்ரிப்டில் வைக்கும்போது 'எஸ்ஸா நோவா' என்று கேட்டு நிற்கும். அதுக்காக 'மோட் ஈக்வல் ஸ்க்ரிப்ட்' என்ற ஆப்ஷன் போடுவோம். அது எல்லாக் கேள்விக்கும் நம்ம சார்பில் தலையாட்டிடும், வால்யூமை டெலிட் பண்ணட்டுமா என்ற கேள்விக்கும் சேர்த்து. அதனால் படிக்கிற கமாண்டுகளுக்கு மட்டும் அதை வெச்சுக்கோங்க. எக்ஸிட் கோடை மட்டும் நம்பாம, 'மைனஸ் மைனஸ் எக்ஸ்எம்எல்' போட்டு வாங்கி, எதிர்பார்த்த நோடு உண்மையிலேயே பட்டியலில் வந்திருக்கான்னு பாருங்க. நம்ம லோக்கல்ஹோஸ்ட் கதையில் எக்ஸிட் கோடு கடைசி வரைக்கும் பூஜ்யம்தான்.

கடைசியா ஒண்ணு. பெரியசாமி க்ளஸ்டருக்கு அப்புறம் 2014-ல் மினியோ என்ற இன்னொரு ஸ்டோரேஜ் மென்பொருளைத் தொடங்கினார். அதோட கமாண்ட் லைன் டூலுக்கு 'எம்சி' என்று பெயர். லினக்ஸில் பல வருஷமா 'எம்சி' என்றால் மிட்நைட் கமாண்டர் என்ற ஃபைல் மேனேஜர்! மினியோவுக்கு ஒரு பக்கெட் செய்யச் சொல்லி கமாண்ட் கொடுத்தா, நீலத் திரையில் இரண்டு பலகை திறந்துக்கும். இதில் சி.எல்.ஐ.யும் சரி, சர்வரும் சரி, நெட்வொர்க்கும் சரி. ஓடினது மட்டும் வேற ப்ரோகிராம். அதனால் லாக், எஸ்ட்ரேஸ் எல்லாத்துக்கும் முன்னாடி 'டைப் மைனஸ் ஏ' போட்டு டூலோட பெயரைக் கொடுத்துப் பாருங்க, அந்தப் பெயரில் உங்க மெஷினில் எத்தனை பேர் இருக்காங்கன்னு வரிசையா சொல்லும். எங்க லேப் மெஷினில் எம்சிக்கு இரண்டு வரி வந்துச்சு.